கல்பட்டியின் குறி

மௌரீன் பெர்கெட்டுக்குக் கோபம் வந்தால் உருளைக்கிழங்குத் தோல் தடிமனாக விழும். அன்றைக்கு வாளியைப் பார்த்தாலே தெரிந்தது, பாதிக் கிழங்கு தோலோடு போய்க்கொண்டிருந்தது. எதிரே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஷீலா அதைக் கவனித்தாள். நாற்பது வருஷப் பழக்கம். தானாகக் கொட்டட்டும் என்று காத்திருந்தாள்.

மறுநாள் மேய்ப்பர் கூட்டம். ஹார்த்வெயிட் மலையில் வேலி கிடையாது, எல்லார் ஆடும் ஒன்றாகத்தான் மேயும். குளிருக்கு முன்னால் இறக்கும்போது அடுத்தவன் ஆடு நம் மந்தையோடு சேர்ந்து வந்துவிடும். அதற்குத் தீனி போட்டு வைத்திருந்து, நவம்பர் மூன்றாவது சனிக்கிழமை கறுப்புக் கிடா என்ற பப்பின் பின்னால், நாலு பக்கமும் கல்சுவர் வைத்த ஆட்டுப்பட்டியான கல்பட்டிக்கு ஓட்டி வர வேண்டும். காதுவெட்டையும் முதுகுச் சாயத்தையும் பார்த்து உடையவனிடம் ஒப்படைத்த பிறகுதான் சாப்பாடு, பீர், பாட்டு எல்லாம். வந்த ஆட்டைச் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டவனை, அதைவிட மோசமாக விற்றவனை, அந்தப் பள்ளத்தாக்கில் மூன்று தலைமுறைக்கு மறக்க மாட்டார்கள். பேர் சொல்லும்போது அதையும் சேர்த்தே சொல்வார்கள்.

பப் போன கிறிஸ்துமஸோடு மூடிவிட்டது. அதன் சொந்தக்காரரான பீர்க் கம்பெனி விற்பனைப் பலகையை மாட்டிவிட்டுப் போனது. பள்ளிக்கூடம் போயிற்று, கடை போயிற்று, பஸ் வியாழக்கிழமை மட்டும் வருகிறது. அதையெல்லாம் ஊர் முனகிக்கொண்டே பொறுத்துக்கொண்டது. பிப்ரவரியில் கிழவர் ஆல்ஃப் தன் வீட்டுப் படிக்கட்டடியில் விழுந்து மூன்று நாள் கிடந்தார். பப் திறந்திருந்தால், வியாழக்கிழமை ஆல்ஃபின் நாற்காலி காலியாக இருக்கிறதே என்று அரைமணி நேரத்தில் யாராவது கிளம்பிப் போயிருப்பார்கள். தபால்காரன் பார்க்கும்போது உயிர் இல்லை. சவ அடக்கத்துக்குப் பிறகு ஒரு வாய் டீ குடிக்க ஊரில் இடம் இல்லாமல் மழையில் நின்றார்கள். அன்றைக்குத்தான் மௌரீன் சொன்னாள், "நாமளே வாங்கிருவோம்" என்று. கூட்டுறவுச் சங்கம் அப்படித்தான் ஆரம்பித்தது. ஆளுக்கு ஒரு பங்கு, ஒரு ஓட்டு. தலைவராக டக்ளஸ் ரெல்ஃபைப் போட்டார்கள். யோசனை சொன்னவளுக்குச் சாண்ட்விச் போடும் வேலை கிடைத்தது.

வருகிற செவ்வாய்க்கிழமை பப்பை வாங்கக் கையெழுத்து. கூட்டத்துக்காக இரண்டு நாள் மட்டும் கம்பெனி சாவியைக் கொடுத்திருந்தது. பதினோரு மாதம் பூட்டிக்கிடந்த அடுக்களையில் சுவரெல்லாம் ஈரம் பூத்திருந்தது. காலையிலிருந்து அடுப்பு எரிந்தும் விரல் விறைத்தது.

"காலையில ஒருத்தன் கல்பட்டிய டேப் வச்சு அளந்துக்கிட்டு இருந்தான்," என்றாள் மௌரீன் கடைசியில்.

"யாரு, கம்பெனி ஆளா?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். டீ கொண்டு போயிக் குடுத்தேன், மடச்சி. குடிச்சிட்டுச் சொல்றான், பெம்பர்டன் அனுப்புனாராம். பட்டி அவருக்கு வித்தாச்சாம்."

பெம்பர்டன் என்ற பெயர் ஷீலாவுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். பப்பை வாங்கி எட்டுக் குடியிருப்பாகத் தடுத்து விடுமுறைக்காரர்களுக்கு வாடகைக்கு விடப்போகிறேன் என்று கம்பெனியிடம் விலை பேசிக்கொண்டிருந்தவன் அவன்.

"வித்தாச்சா? கல்பட்டியவா? யாருடி வித்தது?"

"மிஸ்டர் பெர்கெட்டாம்."

ஷீலாவின் கையிலிருந்த வெங்காயம் நழுவி மேசைக்கடியில் உருண்டது. இரண்டு பேரும் குனியவில்லை. பப்பின் செப்டிக் டேங்க் கல்பட்டிக்குள் இருந்தது. ஊற்றிலிருந்து வரும் தண்ணீர்க் குழாயும் அதற்குள்தான். பட்டி இல்லாத பப்பை வாங்கி என்ன செய்வது? கக்கூஸ் ஓடாத கட்டடத்தில் பீர் விற்க எந்த அதிகாரியும் விடமாட்டான்.

"இரு, இரு," என்றாள் ஷீலா. "பட்டி உம் புருஷன் வில்ஃபோடது இல்லையே. உம் மாமனாரு உனக்கில்ல எழுதி வச்சாரு?"

"ஆமா. எனக்குத்தான்."

"அப்ப அவன் எப்படி விப்பான்?"

"அதத்தான் நானும் கேக்கப் போறேன்," என்று மௌரீன் அடுத்த கிழங்கை எடுத்தாள்.

நாலு மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது. வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் வில்ஃப் வழிதப்பி வந்த மூன்று ஆடுகளுக்குக் காய்ந்த புல் போட்டுக்கொண்டிருந்தான். மூன்று வாரமாக ஒரு வேளை தவறவில்லை. தன் ஆட்டுக்குப் போடுவதைவிட ஒரு பிடி கூடவே போடுவான். அதில் ஒரு ஆடு நொண்டியது என்று குளம்பைச் சீவி மருந்தும் போட்டிருந்தான். நல்ல மனுஷன் என்று ஊரில் பெயர் எடுத்திருந்தான், அது பொய்யும் இல்லை. அதுதான் மௌரீனுக்குப் பொறுக்கவில்லை.

"பெம்பர்டனுக்குக் கல்பட்டிய வித்தியா?"

வில்ஃப் புல்லை உதறுவதை நிறுத்தவில்லை. "யாரு சொன்னா?"

"அளக்க வந்தவன் சொன்னான். எங்கையால டீ வாங்கிக் குடிச்சிட்டுச் சொன்னான். வித்தியா, இல்லையா?"

"அக்டோபர்ல. கிடாச் சந்தையில."

"காகிதம் எழுதுனியா?"

"கை குடுத்தேன்."

அவன் சொன்னது அவ்வளவுதான். அந்தப் பள்ளத்தாக்கில் அதற்குமேல் சொல்லத் தேவையில்லை. கை கொடுத்து, வாங்கினவனுக்கு அதிர்ஷ்டக் காசாக ஒரு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் முடிந்தது வியாபாரம். அதிலிருந்து பின்வாங்கினவன் கிடாவை மறுவருஷம் ஏலத்துக்குக் கொண்டுபோனால் வளையத்தைச் சுற்றி நிற்பவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். ஒருவன்கூட விலை கேட்க மாட்டான்.

"அதிர்ஷ்டக் காசும் குடுத்திருப்பியே?"

"இருபது பவுண்டு."

"பெரிய பிரபு!"

"பப்ப நடத்தத்தான் வாங்குறான்னு நெனச்சேன் மௌரீன். வண்டி நிறுத்த எடம் வேணும்னு சொன்னான். அன்னிக்கு நம்ம கிடா ஒண்ணும் வெல போகல. நீயும் பாத்தல்ல. மனசு நொந்து நின்னேன், வந்து தோள்ல கை போட்டுப் பேசுனான்."

"சரி, ஏமாந்துட்ட. எட்டு வீடு கட்டப்போறான்னு தெரிஞ்சதுக்கு அப்பறம்? ஆறு வாரமா சங்கக் கூட்டத்துல எம்பக்கத்துலதான் உக்காந்திருந்த. வாங்குவோம்னு கையத் தூக்குனியே, அந்தக் கைதான அவனுக்கும் குடுத்தது?"

"என்ன பண்ணச் சொல்ற? குடுத்த கைய வெட்டிப் போடவா?"

"அது யாரு நெலம் வில்ஃப்?"

அவன் நிமிர்ந்தான். உண்மையிலேயே கேள்வி புரியாமல் அவளைப் பார்த்தான். அவன் நடித்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

"நம்ம நெலம்," என்றான்.

"யாரு பேருல இருக்கு?"

"அப்பா உனக்கு எழுதினாருன்னா நமக்கு எழுதினாருன்னுதான அர்த்தம். பண்ணையோடதுதான் எல்லாம்."

வில்ஃபின் அப்பா ஜான்ட்டி நாலு வருஷம் படுக்கையில் கிடந்தார். அவரைத் திருப்பிப் போட்டு, துடைத்து, கரண்டியில் கஞ்சி ஊட்டி, ராத்திரியில் அவர் செத்துப்போன தன் நாய்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மௌரீன். வில்ஃப் வாசலில் நின்று "எப்படி இருக்காரு?" என்று கேட்டுவிட்டு ஆட்டைப் பார்க்கப் போவான். கிழவர் அதிகம் பேசாத ஜாதி. நன்றி என்ற சொல்லை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சாகுமுன் வக்கீலை வரவழைத்து, பண்ணையும் வீடும் மகனுக்கு, கல்பட்டி மௌரீனுக்கு என்று எழுதச் சொன்னார். அவளுக்கென்று இந்த உலகத்தில் யாரும் எழுதிக் கொடுத்த ஒரே இடம் அது.

"அடுத்தவன் ஆட்டுக்கு மூணு வாரமாப் புல்லுப் போட்டு, குளம்புக்கு மருந்து போட்டுக் காப்பாத்துற. அதோட காதப் பாத்தா யாரோடதுன்னு தெரியுது உனக்கு. எங் காதுலயும் ஒரு வெட்டு வெட்டியிருந்தா எம் பொருள்னு தெரிஞ்சிருக்குமோ?"

"கோவத்துல பேசாத."

"கோவத்துல இல்லாம எதுல பேசச் சொல்ற? ஒரு வார்த்த கேட்டியா? 'மௌரீன், ஒருத்தன் கேக்குறான், குடுக்கவா?' நாலு சொல்லு. நாக்கு அழுகிப் போயிருமா?"

நொண்டி ஆடு இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு மென்றது. வில்ஃப் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினான்.

"இப்ப இல்லைன்னு சொன்னா சந்தையில எம் மூஞ்சியில எவனும் முழிக்க மாட்டான். கிடா விக்காம எப்படிப் பொழைக்கிறது?"

"தெரியும். அதனாலதான் உன்னையே சொல்லச் சொல்றேன். நாளைக்குச் சாப்பாட்டுக்கு முன்னால, எல்லாரும் இருக்கும்போது, 'நான் வித்தது எம் பொருள் இல்ல'ன்னு நீயே சொல்லிரு. நீ சொன்னா தப்பு பண்ணவன். நான் சொன்னா அதுக்கு வேற பேரு. அந்தப் பேரு உனக்கே தெரியும்."

அன்றிரவு அவள் எதுவும் சமைக்கவில்லை. வில்ஃப் ரொட்டியும் பாலாடைக் கட்டியும் தின்றுவிட்டுப் படுத்தான்.

சனிக்கிழமை மழை பக்கவாட்டில் அடித்தது. ஆனாலும் வந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்தும் வண்டியில் ஆட்டை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கல்பட்டிக்குள் அறுபது எழுபது பேர், நாய்கள், ஈரக் கம்பளி நாற்றம். அடுக்களையில் ஆறு பெரிய தட்டங்களில் டேட்டி பாட் வெந்துகொண்டிருந்தது: அடியில் ஆட்டுக்கறி, அதன்மேல் வெங்காயமும் ரத்தம் அடைத்த குடலும், எல்லாவற்றுக்கும் மேலே மௌரீன் தடிமனாகத் தோல் சீவிய கிழங்கு. பின்கதவைத் திறந்தே வைத்திருந்தாள். வாசனை வெளியே போய் ஆண்களின் வயிற்றைக் கிள்ளிக்கொண்டிருந்தது. அவள் கண் முழுக்க வில்ஃப் மேல்தான் இருந்தது.

டக்ளஸ் ரெல்ஃப் எல்லார் ஆட்டுக் குறியும் எழுதிய புத்தகத்தை எண்ணெய்த்துணிக்குள் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ஆடாகப் பார்த்தார். "இடது காது முள்வெட்டு, இடுப்புல செவப்பு. பௌனஸ் வீட்டோடது. ஓட்டிட்டுப் போங்கப்பா." வில்ஃப் தன் மூன்றையும் ஒப்படைத்தான். நொண்டி ஆட்டின் உடையவன் குளம்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்லாப் பாத்திருக்க வில்ஃப், நானே இப்படிப் பாத்திருக்க மாட்டேன்," என்றான். வில்ஃப் தலையைக் குனிந்துகொண்டான். இப்போது சொல்வான் என்று மௌரீன் நினைத்தாள். அவன் அருகிலிருந்த நாயின் கழுத்தைத் தடவினான். மனுஷனுக்கு இருபது வயசில் வராத வாய் அறுபத்திரண்டில் வந்துவிடுமா என்ன?

கடைசி ஆடும் போன பிறகு டக்ளஸ் வழக்கப்படி மூன்று தடவை கேட்டார். அப்படிக் கேட்டு யாரும் வாயைத் திறக்காவிட்டால் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம்.

"வழிதப்புனது வேற எதுவும் இருக்கா?"

மழைச் சத்தம்தான் கேட்டது.

"வழிதப்புனது வேற எதுவும் இருக்கா?"

வில்ஃப் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கடைசியாக் கேக்குறேன், வழிதப்புனது..."

"ஒண்ணு இருக்கு," என்றாள் மௌரீன்.

ஏப்ரனோடு வெளியே வந்தாள். கையில் ரொட்டிப் பை. பெண்கள் கல்பட்டிக்குள் வந்து பேசும் வழக்கம் இல்லை. டக்ளஸ் சிரித்தார்.

"என்ன மௌரீன், சாப்பாடு ரெடியா? இவனுகள இதுக்குமேல நிறுத்தி வைக்க முடியாது."

"சாப்பாடு ஓடிப் போயிராது. வழிதப்புனத எழுதிக்கிங்க. இந்தக் கல்பட்டி. நாலு சுவரு, ஒரு கேட்டு, ஒரு செப்டிக் டேங்க்."

யாரோ சிரித்துவிட்டுப் பாதியில் நிறுத்தினான். அவள் ரொட்டிப் பையிலிருந்து பத்திரத்தை எடுத்து, நனையாமல் பையாலேயே மறைத்துப் பிடித்தாள்.

"குறி இதுல இருக்கு. என்னோடது. ஜான்ட்டி பெர்கெட் போட்ட குறி. இத எனக்குத் தெரியாம ஒருத்தர் கிடாச் சந்தையில பெம்பர்டனுக்குக் கை குடுத்து வித்துட்டாரு. அடுத்தவங்க குறி போட்ட ஆட்ட விக்கிறவனுக்கு நம்ம ஊருல என்ன பேருன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ஆல்ஃப் மூணு நாள் படியடியில கெடந்தாரு. அப்படி இன்னொருத்தர் கெடக்குறதுக்கு எம் பட்டிய நான் குடுக்க மாட்டேன்."

யார் விற்றது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் அவள் பட்டியை விற்கக்கூடியவன் ஒருவன்தான்; எல்லாக் கண்ணும் வில்ஃபிடம் போய், அதே வேகத்தில் பூட்ஸுக்கு இறங்கியது. அவன் முகத்தில் ரத்தமே இல்லை. மௌரீன் அதைப் பார்த்தாள். ஆனாலும் அவள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூடத் திரும்ப வாங்க அவளுக்கு மனசு வரவில்லை.

டக்ளஸ் தொண்டையைச் செருமினார். தலைவர் அல்லவா, நிலைமையைச் சரிக்கட்ட வேண்டும். பத்திரத்தை எட்டிப் பார்த்தார், தலையை ஆட்டினார், முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்போ அந்த வியாபாரம் செல்லாது! தன்னோடது இல்லாதத வித்தா கை குடுத்ததும் செல்லாது. சரி, நடந்தது நடந்துபோச்சு. பெரிசு பண்ண வேணாம்." கையை நீட்டிக்கொண்டு நேராக வில்ஃபிடம் போனார். "வில்ஃப், பட்டியச் சங்கத்துக்கு விட்டுக் குடுத்துருப்பா. இங்கயே முடிச்சிக்குவோம். என்ன சொல்ற?"

இவ்வளவு சொன்ன பிறகும்! பத்திரம் அவள் கையில் இருக்கும்போதே!

"டக்ளஸ் ரெல்ஃப்!" என்று அவள் போட்ட சத்தத்தில் நாய்கள் எழுந்து நின்றன. "கண்ணு அவிஞ்சு போச்சா உங்களுக்கு? முந்நூறு ஆட்டுக் குறி மனப்பாடமாத் தெரியுது, எதுத்தாப்புல நிக்கிற பொம்பளையத் தெரியலையா? சங்கத்த யாரு ஆரம்பிச்சது? வீடு வீடா யாரு ஏறி எறங்குனது? ஒன்பது மாசமா உங்க கூட்டத்துக்குச் சாண்ட்விச் வெட்டிக் குடுத்தேனே, ஒரு நாளாவது 'உக்காரு மௌரீன், நீ என்ன நெனைக்கிற'ன்னு கேட்டிருப்பீங்களா? அவனக் கேக்குறீங்க! அவன் பண்ணதும் நீங்க இப்பப் பண்றதும் ஒண்ணுதான்!"

டக்ளஸின் கை நீட்டியபடியே மழையில் நின்றது. வில்ஃப் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு தன் இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் ஆழமாகச் சொருகினான்.

"அவகிட்ட கேளு," என்றான். "என்னோடது இல்ல."

கல்பட்டியில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்று, வடக்குச் சுவரின் மேல். வில்ஃப் யாரையும் பார்க்காமல் போய்ச் சுவரில் ஏறினான். காற்றில் தள்ளாடிக்கொண்டு, மழைக்கு மேலாகக் கத்த வேண்டியிருந்தது. அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

"பெம்பர்டனா? வில்ஃப் பெர்கெட். வில்ஃப் பெர்கெட்! கல்பட்டி விஷயம். அத உனக்குக் குடுக்க முடியாது... இல்ல, வெலைக்காக இல்ல... என்னோடது இல்ல அது. ஆமா, என்னோடது இல்லாதத வித்தேன்... என்ன வேணா சொல்லிக்க. அந்த இருபத நீயே வச்சிக்க."

அறுபது வருஷம் தன் பேரைக் கீழே விழவிடாமல் காத்தவன் சுவரிலிருந்து இறங்கும்போது ஒருவரும் கை கொடுக்கவில்லை. அடுத்த அக்டோபரில் அவன் கிடாவுக்கு விலை கேட்பார்களா என்பது அடுத்த அக்டோபரில்தான் தெரியும்.

டக்ளஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு மௌரீன் முன்னால் வந்து நின்றார். "மௌரீன், நீங்க என்ன சொல்றீங்க?"

"பட்டி எம் பேருலயே இருக்கும். இங்க பீர் ஊத்துற வரைக்கும் சங்கம் வச்சிக்கலாம். நிறுத்துன அன்னிக்குப் பட்டி எனக்குத் திரும்பி வந்துரணும். இனிமே கமிட்டியில எனக்கு நாற்காலி. சாண்ட்விச் வேணுங்கிறவன் வீட்டுலருந்து கட்டிக்கிட்டு வரட்டும்."

"சரி."

"சரின்னா கையக் குடுங்க."

அவள் கையில் ஆட்டுக்கொழுப்பும் வெங்காயமும் இருந்தது. துடைக்காமலே நீட்டினாள். டக்ளஸ் பிடித்துக் குலுக்கினார். விற்பவர்தான் அதிர்ஷ்டக் காசு தர வேண்டும் என்று பின்னாலிருந்து ஒருவன் ஞாபகப்படுத்தினான்.

"இந்த மழையில உங்களுக்குச் சோறு ஆக்கி வச்சிருக்கேன், அதுதான் அதிர்ஷ்டம். போயி உக்காருங்க, கறி அடிப்பிடிக்குது."

தின்றார்கள். முதலில் மெதுவாகப் பேசினார்கள், இரண்டாவது பீருக்குப் பிறகு சத்தமாக. யாரோ பாட்டு எடுத்தார்கள். வில்ஃப் கதவோரம் தனியாக நின்று தின்றான். அவன் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. மௌரீன் அதை அடுக்களைச் சன்னல் வழியாகப் பார்த்தாள். போய் அந்த இடத்தில் நிற்கலாம் என்று கால் சொன்னது. போகவில்லை.

எல்லாத் தட்டும் அடுக்களைக்குத் திரும்பி வந்து மேசையிலும் தரையிலும் மலையாகக் கிடந்தபோது, வில்ஃப் தன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன், கறுப்புக் கிடாவின் அடுக்களையை அன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிறான். தொப்பியைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆணியைத் தேடினான். ஷீலா எழுந்து வெளியே போய்விட்டாள்.

"என்ன செய்யட்டும்?" என்றான்.

மௌரீன் தொட்டியைக் காட்டினாள். அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அறுபத்தெட்டுத் தட்டுகளின் முன்னால் போய் நின்றான். குழாயைத் திருகினான். குளிர்ந்த தண்ணீர் சிதறி நெஞ்செல்லாம் நனைந்தது.

"சோப்பு எங்க இருக்கு?"

அவள் காலையிலிருந்து முதல்முறையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தட்டத்தில் மிச்சமிருந்த கறியைச் சுரண்டித் தனக்குப் போட்டுக்கொண்டாள்.

"தேடு," என்றாள்.